மணலுக்குள் வைத்த போத்தல்

ஸப்ரிக்குப் பொய் சொல்ல வராது. அது நல்ல குணம் இல்லை, ஒரு குறைபாடு என்பது அவன் மனைவி சுஹறாவின் கட்சி. பொய் சொல்ல வராதவன் வாயை மூடிக்கொள்வான். வாயை மூடிக்கொண்டு இருக்கிற மனுசனோடு குடும்பம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும் என்பாள். அவள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது.

கல்முனை பஸாருக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் அவன் மோட்டர் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். வயலுக்கு இறைக்கிற பம்ப், வீட்டுக் கிணற்று மோட்டர், ஃபேன் என்று எரிந்துபோனதெல்லாம் அவனிடம் வரும். உள்ளே கருகிக் கிடக்கிற செப்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பான். மற்றக் கடைக்காரர்கள் அந்தப் பழைய செம்பை நிறுத்து விற்றுவிடுவார்கள். ஸப்ரி அதை ஒரு பையில் கட்டி மோட்டரோடு சேர்த்தே கொடுப்பான். "உங்கட சாமான். நீங்களே கொண்டு போங்க" என்பான். வேண்டாம் என்றாலும் விடமாட்டான். உள்ளே இருந்து எடுத்தது உடையவனுக்குச் சேரவேண்டும், அதுதான் அவனுடைய சட்டம். ஊரில் அவனுக்குப் பைத்தியம் என்று பெயர் வராமல் இருப்பதற்கு வேலை சுத்தம் ஒன்றுதான் காரணம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எரிந்த கம்பியைப் பையில் கட்டுவதற்கு முன் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்ப்பான். தண்ணீர் இறங்கி எரிந்ததா, கரண்ட் குறைந்து எரிந்ததா, சும்மா வயதாகி எரிந்ததா என்று கம்பியே சொல்லிவிடும். அதைப் பாராமல் புதுக் கம்பியில் கை வைக்கமாட்டான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அவர்களுக்கு ஒரே மகள், பஸ்மினா. பத்து வயது. வாப்பா பேசாமல் மிச்சம் வைக்கிற பேச்சையெல்லாம் அவள்தான் பேசித் தீர்க்கிறாள். அந்த வாய் ஒருநாள் மூடிக்கொண்டது. மத்ரஸாவில் இருந்து வந்தவள் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். சுஹறா ஓமம் அவித்துக் கொடுத்தாள். விடிந்தபோது வலி வலப்பக்கத்து அடிவயிற்றுக்கு இறங்கி நின்றுகொண்டது, காய்ச்சலும் வந்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காரைதீவுப் பெண் டொக்டர் கஜனி வந்து வயிற்றை ஒருதரம் அமத்திப் பார்த்தார். "அப்பெண்டிக்ஸ். இண்டைக்கே எடுப்பம்" என்றார்.

பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போன நேரத்திலிருந்து ஸப்ரிக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. விறாந்தையில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள், செருப்புச் சத்தம் கேட்கவில்லை. சுஹறாவின் உதடுகள் ஓதிக்கொண்டு இருந்தன. யன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாய் நின்றது, அதற்குள் ஒரு தென்னை மெல்ல மெல்ல ஆடியது. எவ்வளவு நேரம் போனதென்று அவனுக்குத் தெரியாது. டொக்டர் கஜனி முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு முன்னால் வந்து நின்றபோதுதான் தலை மேலே வந்தது.

"பிள்ள நல்லா இருக்கா. வெடிக்க முதலே எடுத்தாச்சு" என்றார் டொக்டர். சுஹறா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சுவரில் சாய்ந்தாள். டொக்டர் பிறகு குரலைத் தணித்தார். "குடல்வால்ட நுனியில மஞ்சளா ஒரு கட்டி மாதிரிக் கிடக்கு. அத லெப்ல வெட்டிப் பாத்துத்தான் என்னெண்டு சொல்லலாம். சிஸ்டர் போத்தல்ல தருவா. கட்டாயம் குடுத்திருங்க."

ஸப்ரிக்குக் காது கேட்காத குறை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் மனம் "எடுத்தாச்சு" என்ற சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எடுத்தாச்சு என்றால் முடிந்தது. வெளியே வந்துவிட்ட ஒன்றில் இனி என்ன பார்க்கக் கிடக்கிறது? எரிந்த கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனுசன்தான் இப்படி நினைத்தான். தன் பிள்ளை என்று வந்தால் ஆளுக்கு மூளை எங்கே போகிறதோ தெரியாது.

போத்தல் அவன் உள்ளங்கைக்குள் அடங்கியது. தெளிந்த மருந்துத் தண்ணீருக்குள் விரல் நீளத்துக்கு ஒன்று வளைந்து கிடந்தது, நுனி கொஞ்சம் பருத்து. வெளியே மூடியில் மகளின் பெயர். மகள் ஓடியபோது இதுவும் கூட ஓடியது, அவள் சிரித்தபோது இதுவும் உள்ளே இருந்து குலுங்கியது. பயமாக இல்லை அவனுக்கு. தூங்குகிற ஒன்றைக் கையில் வைத்திருப்பது போல இருந்தது.

லெப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். போத்தலைக் கொடுப்பதற்கு முன் அவன் ஒரு கேள்வி கேட்டான். கடையில் எல்லாருக்கும் பழசைத் திருப்பிக் கொடுக்கிறவன் அல்லவா? "பாத்து முடிச்சிட்டுத் திருப்பித் தருவீங்களா தங்கச்சி?"

"இல்லையே நானா. மிச்சத்த மெசின்ல போட்டு எரிச்சிருவாங்க."

"எரிக்கிறதா?"

"ஓம். எல்லா எடத்திலயும் அப்பிடித்தான்."

அவள் நல்ல பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கரையில் அந்தச் சொல்லைச் சொன்னால் கேட்கிறவனுக்கு வேறு ஒன்று கேட்கும். கொரோனாக் காலத்தில் அரசாங்கத்தில் மையத்துகளை, செத்தவர்களின் உடல்களை, எரித்தார்கள். மண்ணுக்குக் கொடுக்க விடாமல் எரித்தார்கள். வேலிகளிலும் கேற்றுகளிலும் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு இந்தச் சனம் அழுதது. நகத்தை வெட்டினாலும் மண்ணில் புதைக்கிறவர்கள் இவர்கள். பஸ்மினாவின் முதல் முடியை ஸப்ரியே தன் கையால் தேசி மரத்தடியில் புதைத்தான். இப்போது அவளுடைய சதையை நெருப்பில் போடுவதா? "இந்தா வாறன் தங்கச்சி" என்று போத்தலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். மறுகா அந்தப் பக்கம் போகவில்லை.

எங்கே புதைப்பது? வீட்டு வளவில் முடியாது, சுஹறா கண்டுவிடுவாள். அதோடு அந்த வளவு சுஹறாவின் சீதன வளவு. இந்த ஊர்களில் கல்யாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டுக்குத்தான் போவான். என்னுடையது என்று சொல்ல ஸப்ரிக்கு இருந்தது கடற்கரையில் ஒரு துண்டு மணல். அங்கேதான் அவன் பிறந்த வீடு இருந்தது. சுனாமி வந்த காலையில் அது போய்விட்டது. கடலுக்கு இவ்வளவு கிட்ட இனிக் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உடுப்புத் துவைக்கிற கல்லும், பக்கத்தில் தூர்ந்துபோன கிணற்றின் வட்டக் கொட்டும் மட்டும்தான் மிச்சம்.

வீட்டோடு அவன் தங்கச்சியும் போனாள். அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில்லை, ஸப்ரிக்கு, இப்போது பஸ்மினாவுக்கு இருக்கிற வயது. அந்தத் தெருவில் மௌத்தான மற்ற எல்லாரையும் தேடி எடுத்து அடக்கினார்கள். அவளை மட்டும் கடல் திருப்பித் தரவே இல்லை. அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்று உம்மா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் யாராவது சொன்னால் உம்மா சோற்றுக் கோப்பையை விட்டு எழும்பிவிடுவா. அதனால் சொல்லாமல் விட்டார்கள். உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிப் போனார்கள். பெயர் ஸப்ரியின் வாய்க்குள்ளேயே கிடந்தது.

நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்ன நேரத்தில் அவன் துவைகல்லடியில் குந்திக் கையால் மணலைத் தோண்டினான். போத்தலைத் திறந்து, எடுத்து, துணியில் சுற்றி வைக்கத்தான் எண்ணம். மூடியைத் திருகியதும் மருந்து மணம் மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. திருப்பி இறுக்கி மூடினான். தன் வெள்ளைக் கைலேஞ்சியில் போத்தலைச் சுற்றி உள்ளே வைத்தான். மணலைத் தள்ளி மூடி, மேலே உள்ளங்கையால் தட்டிவிட்டான். கடல் பக்கத்தில் எவரும் இல்லை. ஏதோ ஒரு பெரிய கடமை முடிந்தது போல நெஞ்சு லேசாக இருந்தது.

"குடுத்தீங்களா?" என்று சுஹறா கேட்டாள்.

"ம்" என்றான். பார்த்தீர்களா, அதைப் பொய் என்றும் சொல்லமுடியாது.

பஸ்மினா வீட்டுக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டே பேசினாள். ஸப்ரி கடைக்குப் போனான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பிச் சுருள்களுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக் கண்ணை மூடியதும் வீடு வந்தது.

முழு வீடும் வந்தது. நீல யன்னல், கொய்யா மரம், குசினிக்குள் உம்மாவின் அம்மி. யன்னல்களுக்கு வெளியே கடல் பச்சையாக உயரமாக நின்றது, ஆனால் உள்ளே வரவில்லை. துவைகல்லின் மேல் தங்கச்சி மஞ்சள் சட்டையோடு இருந்தாள். மடியில் போத்தல். அதை வெயிலுக்குப் பிடித்து உள்ளே பார்த்தாள். ஸப்ரி இவ்வளவு பெரிய ஆளாக, தாடியோடு வந்து நிற்பதைக் கண்டு அவளுக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. "வெச்சிக்க" என்றான் அவன். விழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது. பிள்ளை வயிற்றில் தையலோடு கிடக்கிற நேரத்தில் இது என்ன சந்தோசம் என்று அவனுக்கே வெட்கமாய்ப் போயிற்று.

அந்தக் கனவு திரும்பத் திரும்ப வந்தது. கண்ணை மூடுவதற்காகவே அவன் பகலுக்குக் காத்திருக்கத் தொடங்கினான். ஆனால் டொக்டரிடம் போகிற நாளுக்கு முதல்நாள் வந்தது வேறு மாதிரி இருந்தது. தங்கச்சி கல்லை விட்டு இறங்கி வந்து போத்தலை அவன் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். முகம் கோணியிருந்தது, விளையாட்டுச் சாமானைப் பிடுங்கி வைத்திருக்கிறாய் என்று ஏச்சு வாங்கிய பிள்ளையின் முகம்.

"காக்கா, இது என்ட இல்ல" என்றாள் அண்ணனிடம்.

அவன் கையை நீட்டவில்லை. அவள் நீட்டியபடியே நின்றாள். ஒரு மோட்டர்க்காரன் வந்து பலகையைத் தட்டியபோதுதான் விழித்தான்.

டொக்டர் கஜனி தையலைப் பார்த்து, "வடிவா ஆறியிருக்கு. இனித் துள்ளலாம், ஆனா இண்டைக்கே துள்ளாத" என்று பஸ்மினாவின் கன்னத்தில் தட்டினார். அவளைச் சிஸ்டரோடு வெளியே அனுப்பிவிட்டுச் சுஹறாவின் பக்கம் திரும்பினார். "லெப் ரிப்போர்ட் எங்க?"

சுஹறா ஸப்ரியைப் பார்த்தாள். ஸப்ரி மேசையின் காலைப் பார்த்தான்.

டொக்டர் போனை எடுத்து லெப்புக்குக் கதைத்தார். அவர் முகம் மாறிக்கொண்டு போனது. "வரயில்லையா? நல்லாப் பாருங்க. எப்பிடி வராம இருக்கும்? ஒரு பிள்ளைட சாமானத் துலைச்சிட்டு இப்பிடிச் சாதாரணமாக் கதைக்கிறீங்க. ஆர் அண்டைக்கு அங்க நிண்டது?"

போனுக்குள் அந்தப் பெண்பிள்ளையின் குரல் அழுகைக்குக் கிட்ட வந்துவிட்டது. அது ஸப்ரிக்கும் கேட்டது. அவன் கதிரையை விட்டு எழும்பினான்.

"அந்தப் புள்ளைய ஏசாதீங்க டொக்டர். நான் குடுக்கல்ல."

"என்ன?"

"எரிப்பமெண்டாங்க. நான் கொண்டு போய் மண்ணுக்க தாட்டுட்டன்."

மேலே ஃபேன் ஒரு பக்கம் தட்டித் தட்டிச் சுற்றியது. பியரிங் போய்விட்டது என்று ஸப்ரியின் தலைக்குள் எங்கேயோ ஒரு மூலை சொன்னது. டொக்டர் ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போனை வைத்துவிட்டு மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"இஞ்ச பாருங்க. இந்த மாதிரிக் கட்டி பிள்ளைகளுக்கு வாறதே குறைவு. வந்தா, அநேகமாச் சின்னனாத்தான் இருக்கும், நுனியோட நிக்கும். அப்பிடியெண்டா வால எடுத்ததோட எல்லாம் முடிஞ்சு. கேன்சர்ட சொந்தக்காரன்தான், ஆனா சோம்பேறி. மெல்ல மெல்லத்தான் நகருவான். ஆனா கட்டி பெருசெண்டா, அடிப்பக்கத்துக்கு இறங்கியிருந்தா, திரும்ப வயித்தத் திறந்து பெருங்குடல்ட வலப்பக்கத்தையே எடுக்க வேண்டி வரலாம். அது பெரிய ஒப்பரேசன். நான் கண்ணால பாத்தது காணாது, உள்ளுக்க எவ்வளவு தூரம் போயிருக்கெண்டு வெட்டிப் பாத்தாத்தான் தெரியும். அது இல்லாட்டி ஸ்கேன எடுத்திட்டு, ஊகத்திலதான் முடிவெடுக்கணும். தேவையில்லாம வெட்டினாலும் பாவம், வெட்டாம விட்டாலும் பாவம்."

சுஹறா அதுவரைக்கும் அசையவில்லை. இப்போது புருசனின் பக்கம் முழுதாகத் திரும்பினாள். சத்தம் போடவில்லை, மெல்லத்தான் கேட்டாள்.

"எரிஞ்ச கம்பியப் பாக்காம நீங்க மோட்டர் கட்டுவீங்களா?"

அவன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான்.

"ஊரான்ட பம்புக்கு மணிக்கணக்கா வெளிச்சத்தில புடிச்சிப் பாப்பீங்களே. எங்கட புள்ளைக்கி மட்டும் பாக்காமத் தாட்டீங்களா? என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. பள்ளி ஹஸ்ரத்திட்டக் கேட்டிருந்தாலும் முதல்ல உசிரப் பாரு, மறுகா மண்ணப் பாரு எண்டுதானே சொல்லியிருப்பாரு. ம் எண்டீங்களே எனக்கி. ம் எண்டு!"

அந்த "ம்" அவள் வாயில் இருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று அவனுக்குத் தெரிந்தது.

டொக்டர் திடீரென்று நிமிர்ந்தார். "கொஞ்சம் பொறுங்க. எப்பிடித் தாட்டீங்க? வெளிய எடுத்தா, போத்தலோடயா?"

"போத்தலோட."

"மருந்துத் தண்ணி கிடந்ததா? மூடி இறுக்கமா?"

"இறுக்கித்தான் மூடின."

"அப்ப இஞ்ச என்ன செய்றீங்க? ஓடுங்க! அந்தத் தண்ணிக்குள்ள கிடந்தா ஒண்டும் ஆகாது. எடுத்து நேரா லெப்ல குடுங்க. உடைச்சிராதீங்க."

பஸ்மினாவைச் சுஹறாவின் ராத்தா வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குப் போனார்கள். வழி முழுக்கச் சுஹறா வாயே திறக்கவில்லை. தான் ஒரு ஆயுள் முழுக்க அவளுக்குக் கொடுத்த சாமானை இப்போது அவள் திருப்பித் தருகிறாள் என்று அவன் நினைத்தான். அஸர் தொழுது ஆட்கள் வெளியே வருகிற நேரம். வெயில் மஞ்சளாகி, உப்புப் புகையோடு கலந்து, கரையெல்லாம் மங்கலாக இருந்தது.

போய் நின்றவன் திகைத்துப்போனான். துவைகல் இல்லை. கிணற்றுக் கொட்டு இல்லை. இடையில் வந்த பௌர்ணமிக்குக் கடல் ஏறி இறங்கியிருக்கிறது, புதுமணல் மேடு போட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதன் மேல் இரண்டு தோணிகளை இழுத்து வைத்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் ஒரே வழுவழுப்பான மணல். இங்கே ஒருநாளும் ஒருவரும் குடியிருக்கவில்லை என்பது போல அது கிடந்தது.

சுஹறா அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோணி ஓரத்தில் தோண்டத் தொடங்கினாள். கையால் அள்ளி அள்ளி எறிந்தாள். சிப்பியும் ஒரு பழைய வலைத் துண்டும் வந்தன. இன்னொரு இடத்தில் தோண்டினாள். "எங்கங்க? எங்க வெச்சீங்க?" என்று அழுதாள். ஸப்ரி அங்கும் இங்கும் ஓடினான். அவனுக்கும் தெரியவில்லை. இன்னொரு தரம் என் வீட்டில் இருந்து எடுத்துக்கொண்டாயா என்று கடலைப் பார்த்துக் கத்தவேண்டும் போல இருந்தது. வாய் வரவில்லை, வழமை போல.

பிறகு அவன் நின்றான். தங்கச்சி நீட்டிய கை ஞாபகம் வந்தது. அந்தக் கனவில் அவன் நின்றது குசினிப் படியில், அவள் நின்றது துவைகல்லுக்கு முன்னால். கனவை நம்பித் தோண்டுகிற அளவுக்கு அவன் மடையன் இல்லை. ஆனால் குசினிப் படியில் இருந்து துவைகல்லுக்குப் போகிற வழி அவன் காலுக்குத் தெரியும். விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் முகம் கழுவ ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டே போன வழி.

ரோட்டுப் பக்கத்தில் பழைய கேற்றின் தூண் ஒன்று இன்னும் பாதியாக நின்றது. அவன் அதனிடம் போனான். செருப்பைக் கழற்றினான். கண்ணை மூடினான்.

சுஹறா தோண்டுவதை விட்டுவிட்டுப் பார்த்தாள். அவள் புருசன் வெறும் மணலில் மெல்ல நடந்து வந்தான். ஒரு இடத்தில் காலை உயர்த்தி வைத்தான், வாசற்படி ஏறுகிற மாதிரி. கொஞ்சம் வந்து உடம்பைப் பக்கவாட்டில் ஒடுக்கினான், மேசையில் இடிக்காமல் போகிற மாதிரி. இடப்பக்கம் திரும்பினான். இல்லாத ஒரு நிலையைக் கையால் தொட்டு, காலை இறக்கி வைத்தான். கல்யாணம் முடித்து இவ்வளவு காலத்தில் அவன் இந்த வீட்டைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது சுவர் சுவராக, கதவு கதவாக அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஸப்ரி குந்தினான். கண்ணைத் திறக்காமலே தோண்டினான். முழங்கை வரைக்கும் போனபோது விரல்கள் சீமெந்தில் தட்டின. துவைகல்லின் விளிம்பு. அதன் ஓரமாக இன்னும் இறங்கினான். ஈரத் துணி.

லேஞ்சி பழுப்பேறி இருந்தது. போத்தல் உடையவில்லை. மருந்துத் தண்ணீர் அன்று போலவே தெளிவாக இருந்தது, உள்ளே மகளுடையது அதே வளைவில் தூங்கிக்கொண்டு இருந்தது. சுஹறா பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏன் இஞ்ச கொண்டு வந்தீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் போய்விட்டிருந்தது. "மையவாடி இருக்கு. எங்கட வளவு இருக்கு."

அவன் தோண்டிய குழியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். "தங்கச்சிக்கி ஒரு கபுறும் இல்ல சுஹறா. ஒரு அடையாளமும் இல்ல. புள்ளட இந்தத் துண்ட இஞ்ச வெச்சாலாவது…" அதற்கு மேல் அவனால் முடியவில்லை. மணலில் தலையை வைத்து அழுதான். சுஹறா ஒரு கையில் போத்தலைப் பிடித்தபடி மற்றக் கையை அவன் முதுகில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

லெப் பெண்பிள்ளை போத்தலை வாங்கி மூடியில் இருந்த பெயரை வாசித்தாள். அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் "பரவால்ல நானா" என்றாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவும் அவளுக்கு உரியதுதான்.

காத்திருந்த நாட்களில் ஸப்ரிக்குக் கனவு வரவில்லை. பாயைப் போட்டுக் கண்ணை மூடினால் வெறும் தூக்கம். இதற்கு முதல் அவன் யாருக்காகவும் எதையும் இப்படிக் கேட்டதில்லை. யா அல்லாஹ், சின்னனாக இருக்கட்டும், சின்னனாக இருக்கட்டும் என்று கம்பி சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் சொல்லிக்கொண்டான். அந்த நாட்களில் அவன் கட்டிய மோட்டர்கள் ஒன்றும் இன்னும் எரிந்து திரும்பி வரவில்லை.

டொக்டர் கஜனி மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். இருக்கக்கூடச் சொல்லவில்லை.

"சின்னன்!" என்றார். "பயறு அளவுதான். நுனியோட நிண்டிருக்கு, அடி சுத்தம். இனி ஒண்டும் வெட்டத் தேவையில்ல. வருசத்துக்கு ஒருக்காக் கொண்டு வந்து காட்டுங்க, என்ட மன நிம்மதிக்கு."

சுஹறா டொக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ்மினா "அப்ப நான் துள்ளலாமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் துள்ளினாள். ஸப்ரி மட்டும் கதவடியில் தயங்கி நின்றான்.

"டொக்டர், மிச்சத்த எரிச்சிட்டாங்களா?"

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "மிஞ்சினத எரிக்காம உங்களிட்டத் தரச் சொல்லிக் கதைச்சிருக்கன். வாங்கிட்டுப் போய் அடக்குங்க. ஆனா கட்டி இருந்த துண்ட மெழுகுக்குள்ள வெச்சு எடுத்து வெப்பாங்க. எப்பயாவது திரும்பப் பாக்க வேண்டி வந்தாத் தேவைப்படும். வருசக்கணக்கா அங்கயே இருக்கும்."

"பேர் போட்டா?"

"ஓம். பேர் போட்டுத்தான்."

"பேர் போட்டா" என்று அவன் இன்னொருதரம் சொன்னான், இந்த முறை கேள்வியாக இல்லை.

லெப்பில் இருந்து சின்னப் பொதி ஒன்றை வாங்கிக்கொண்டு மூன்று பேரும் கடற்கரைக்குப் போனார்கள். கேற்றுத் தூணில் இருந்து ஸப்ரி நடந்தான், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு. பஸ்மினா பின்னால் அவன் காலடிகளிலேயே கால் வைத்து வந்தாள். "இது முன்வாசல். இது மேச. இது குசினி" என்று அவன் சொல்லச் சொல்ல, அவளும் படி ஏறினாள், ஒடுங்கினாள், இறங்கினாள். துவைகல்லடியில் பொதியை வைத்து மூடினார்கள்.

"இது ஆர்ட வீடு வாப்பா?"

"என்ட. உன்ட மாமியும் இருந்தா, என்ட தங்கச்சி. சின்னப் புள்ள. கடல் கொண்டுபோன."

பஸ்மினா கடலைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள். இப்படி ஒரு மாமி இருந்தது இவ்வளவு காலமும் தன்னிடம் மறைக்கப்பட்டதில் அவளுக்குச் சரியான கோபம்.

"பேர் என்ன?"

ஸப்ரி வாயைத் திறந்தான். முதலில் காற்றுத்தான் வந்தது. உம்மா சோற்றுக் கோப்பையை விட்டு எழும்புகிற சத்தம் கேட்டது. அவன் பொறுத்தான், அந்தச் சத்தம் ஓய்கிற வரைக்கும்.

"றிப்கா" என்றான்.

பஸ்மினா இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டாள். வயிற்றுத் தையலில் வலிக்கும் என்ற பயமே இல்லாமல் மூச்சை இழுத்தாள். விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, கடலைப் பார்த்து, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"றிப்கா மாமீ! இஞ்சதான் உங்கட வீடு!"

தோணியடியில் வலை பிரித்துக்கொண்டு இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இன்னொருதரம் கூப்பிட்டாள். ஸப்ரி அவள் பக்கத்தில் போய் நின்று, தானும் கூப்பிட்டான்.